ஓரறை வீட்டில் இரண்டு பேர்: சிங்கப்பூர் நாட்குறிப்பு

முதல் நாள், வியாழன்

சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் என் கண் போனது பூந்தொட்டிகள் பக்கமோ பளபளக்கும் கடைகள் பக்கமோ இல்லை. வருகைக் கூடத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் மூன்று நாற்காலிகளை அடைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். செருப்பு நாற்காலிக்கு அடியில் ஜோடியாக இருந்தது. விமானத்துக்குக் காத்திருப்பவராகவும் இருக்கலாம். ஆனால் பதினோரு வருடமாக இந்த வேலையில் இருப்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பொது இடத்தில் யார் தூங்கினாலும் பையைப் பார்ப்பேன். பயணி பையைப் பக்கத்தில் வைத்துத் தூங்குவார். வீடில்லாதவர் தலைக்கு வைத்துக்கொள்வார். இவர் தலைக்கு வைத்திருந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் வீடற்ற பெண்களுக்கான காப்பகம் ஒன்றை நடத்தும் குழுவில் இருக்கிறேன். பணம் அரசுடையது, நடத்துவது எங்களைப் போன்ற தொண்டு நிறுவனம். ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், தலைக்கு 50 சதுர அடி. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதி அது. நல்ல விதிதான். பணம் வந்து சேரும் தேதிக்குத்தான் விதியே கிடையாது. மூன்று மாதம் மளிகைக்கடையில் கடன் சொல்லிச் சமைத்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வந்தது சித்தியின் பேரனுக்குக் காதுகுத்து என்பதால். செலவெல்லாம் என் காசு. ஆனால் மனதுக்குள் இன்னொரு காரணமும் இருந்தது. வீட்டு வசதிக்குப் பேர்போன ஊரில் வீடில்லாதவர்களை அரசாங்கம் எப்படிக் கையாளுகிறது என்று பார்க்க வேண்டும்.

தோ பாயோவில் சித்தியின் மூவறை வீடு. மூன்று அறை என்றதும் நான் மூன்று படுக்கையறைகளை எதிர்பார்த்தேன். இங்கே கூடத்தையும் சேர்த்துத்தான் கணக்கு. காரணத்தைச் சொன்னதும் சித்தி சிரித்துவிட்டார். "சிங்கப்பூர்ல ஏதுடி வீடில்லாதவங்க? நீ வேற. போய் மெரினா பே பாத்துட்டு வா."

இரவு காப்பகத்திலிருந்து குரல் பதிவு வந்தது. 14-ஆம் படுக்கைக்கும் 15-ஆம் படுக்கைக்கும் ஃபேனுக்காகச் சண்டையாம். அவரவர் முறைப்படி திருப்பிவிடச் சொன்னேன். தூங்கிவிட்டேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

சித்தப்பா ஓய்வுபெற்றவர், பேருந்து ஓட்டியவர். ஊரை எந்தத் திசையிலிருந்தும் சொல்வார். "வாம்மா, வாடகை வீடு பாக்கணும்னா ஜாலான் கூக்கோ போவோம்" என்று காலையிலேயே கிளம்பிவிட்டார். ஹேவ்லாக் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம்.

இங்கே குடியிருப்போரில் பத்துக்கு எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், சுருக்கமாக வீவக, கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சொந்தம். வாங்க முடியாதவர்களுக்கு அதே வீவக வாடகைக்கும் வீடு வைத்திருக்கிறது. எல்லாம் ஓரறை, ஈரறை வீடுகள். ஓரறை என்றால் தனிப் படுக்கையறை கிடையாது. படுப்பது, உட்காருவது, சாமி கும்பிடுவது எல்லாம் ஒரே இடத்தில். முதல்முறை அரசு உதவி பெறும், வருமானம் மிகக் குறைந்த குடும்பத்துக்கு ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்து தொடங்குகிறது. வெள்ளி என்றால் இங்கே சிங்கப்பூர் டாலர். நம் பணத்தில் 1,700 ரூபாய்ப் பக்கம். இதே ஊரில் வெளியே ஓர் அறையை வாடகைக்கு எடுக்க அதைப் போல இருபது முப்பது மடங்கு கொடுக்க வேண்டியிருக்கும் என்று சித்தப்பா சொன்னபோது நடப்பதை நிறுத்திவிட்டேன். 26 வெள்ளியா! அப்படியானால் தெருவில் படுக்கிறவர் ஏன் படுக்கிறார்?

ஜாலான் கூக்கோவில் நீளமான நடைவழி, வரிசையாகக் கதவுகள். சில வீட்டு வாசலில் சைக்கிள், சில வாசலில் செடி, ஒரு வாசலில் ஊதுபத்திச் சாம்பல். வயதானவர்கள்தான் கண்ணில் பட்டார்கள். கீழே வாய்ட் டெக்கில், அதாவது சுவரில்லாத திறந்த தரைத்தளத்தில், சதுரங்க மேசையைச் சுற்றி நால்வர். படம் எடுக்கவில்லை. யாருடைய வறுமையையும் எனக்குச் சுற்றுலாவாக்க மனமில்லை, சும்மா நின்றுவிட்டுக் கிளம்பினோம்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புக்கிட் ஹோ சுவீ. சித்தப்பாவின் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று அந்தப் பக்கம் வானம் கறுத்ததை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்வாராம். கம்பத்தில் (மலாயில் கிராமம், குடிசைப் பகுதி) பிடித்த தீயில் ஒரே நாளில் சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வீவக தொடங்கி ஒரு வருடம் கடந்திருந்தது, அவ்வளவுதான். அதே வருடத்திலேயே முதல் அவசர வீடுகள் தயாராகிவிட்டன. நகரமே வீடற்றோர் பிரச்சினையிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை. அன்று வீடிழந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வீடிழந்தார்கள், அரசும் குடும்பம் குடும்பமாகவே வீடு கொடுத்தது. இதைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கே இது முக்கியம் என்று தெரியவில்லை. நாளைக்குத்தான் புரிந்தது. (ஆமாம், இந்த வரியை மறுநாள் வந்து சேர்த்தேன். நாட்குறிப்பில் இது போங்காட்டம்தான்.)

மூன்றாம் நாள், சனி

இன்று நிறைய எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேக்கா உணவங்காடியில் ஓர் அக்காவைப் பார்த்தேன். முன்பு குடும்ப சேவை நிலையம் ஒன்றில் சமூக ஊழியராக இருந்தவர், இப்போது இரவு நேரத் தொண்டூழியர். ஆட்டுக்கால் சூப் வாங்கிக்கொடுத்துவிட்டு, முதல் கேள்வியை நான் கேட்பதற்குள் அவரே கேட்டார்: "உங்க ஊர்ல பாதையோரத்துல யார் படுப்பாங்க?"

குடும்பங்கள், என்றேன். பாரிமுனைப் பக்கம் மூன்று தலைமுறையாக நடைபாதையிலேயே வாழ்கிற குடும்பங்கள் உண்டு. கல்யாணம், பிரசவம், ரேஷன் கார்டு எல்லாம் அங்கேயேதான்.

"இங்க நீங்க குடும்பத்தைப் பாக்கவே மாட்டீங்க. தனி ஆளு. பெரும்பாலும் ஆம்பளை, அம்பது அறுபது வயசு. பாதிக்கு மேல வேலைக்குப் போறவங்க. துப்புரவு, காவல், உணவங்காடியில தட்டு எடுக்கிறது."

கணக்கும் சொன்னார். 2019-இல் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளி ஆய்வாளர்கள், நூற்றுக்கணக்கான தொண்டூழியர்களை வைத்துக்கொண்டு தீவு முழுக்க புளோக் புளோக்காக, அதாவது ஒவ்வொரு அடுக்குமாடிக் கட்டடமாக, இரவில் நடந்து எண்ணினார்கள். 921-இலிருந்து 1,050 பேர் வரை என்று வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனா முடக்கம் தொடங்கியதும் தங்குமிடங்கள் நிரம்பின. எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் வாடகைக்கு இருந்துகொண்டு இங்கே வேலைக்கு வந்துபோன சிங்கப்பூரர்கள் எல்லை மூடியதும் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். 2021-இல் மறுபடி எண்ணியபோது தெருவில் 616, தற்காலிகத் தங்குமிடத்தில் 420. கூட்டினால் 1,036, கிட்டத்தட்ட அதே தொகை, இடம்தான் மாறியிருந்தது. 2022-இல் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சே எண்ணியதில் தெருவில் 530 பேர். ஐந்தரை மில்லியனுக்கு மேல் மக்கள் இருக்கும் ஊரில் 530! எங்கள் வட்டத்தில் ஒரே சாலையில் அதில் பாதியைக் காட்டுவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "530 பேருக்கும் 530 கதைம்மா. அதான் கஷ்டம். 5,000 பேருக்கு ஒரே கதைன்னா ஒரு திட்டம் போட்டு முடிச்சிடலாம்."

நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். காசு, வேலை போன்ற உதவிகளுக்கு வட்டாரச் சமூக சேவை அலுவலகம். வாடகை வீட்டுக்கு வீவக. அதுவரை படுக்க, அமைச்சின் ஆதரவில் தொண்டு அமைப்புகள் நடத்தும் இடைக்காலத் தங்குமிடங்கள். அதற்கும் முன்னால், இன்றிரவே ஒதுங்க ஓரிடம் வேண்டுமென்றால் தேவாலயமோ வேறு சமூக அமைப்போ ராத்திரிக்கு மட்டும் திறந்துவிடும் கூடம். 2019 ஜூலையில் இந்தத் தொண்டு அமைப்புகள், வழிபாட்டு இடங்கள், அரசு அமைப்புகள் எல்லாவற்றையும் பியர்ஸ் என்ற பெயரில் ஒரே வலையமைப்பாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் ஒரே மனிதருக்கு மூன்று குழு பிரியாணி கொடுத்துவிட்டுப் போகும், பக்கத்து புளோக்கில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது என்றார். இது நம்மூர்க் கதையேதான்.

சரி, 26 வெள்ளி வீடு இருக்கும்போது ஏன் தெரு?

அக்கா சூப்புக் கிண்ணத்தை ஓரம் வைத்துவிட்டு விரலை மடக்கினார். வாடகை வீடும் குடும்பத்தை மனதில் வைத்துத்தான். தனி ஆள் என்றால் 35 வயது ஆகியிருக்க வேண்டும், கூட இன்னொரு தனி ஆளும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. ஒரு வீட்டில் இருவர். நிலமில்லாத தீவில் ஆளுக்கொரு வீடு கொடுக்க முடியாது என்பது அவர்கள் பக்க நியாயம். வருமானத்துக்கு நெடுங்காலமாக 1,500 வெள்ளி ஓர் அளவுகோல், அதையும் மற்ற நிலைமைகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். விவாகரத்தில் வீட்டை விற்றவர் என்றால் 30 மாதம் பொறு என்பது பொது விதி. பிள்ளைகள் வீட்டில் இடமிருக்கிறதா என்றும் கேட்பார்கள். "பிள்ளைங்க வீட்ல இடம் இருக்கும்மா. அதுல அவருக்கு இடம் இல்ல. இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

எனக்கு எங்கள் பதிவேட்டின் கட்டங்கள் ஞாபகம் வந்தன. பெயர், வயது, சொந்த ஊர், ஆதார் எண், காப்பகத்துக்கு வந்த காரணம். காரணம் எழுத ஒரு விரல்கடை இடம்.

"கூட ஒருத்தர்" என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாம். முப்பது வருடம் கட்டியவளோடு ஒத்துப்போகாத ஆள், முன்பின் தெரியாத ஒருவரைத் தானே தேடிப் பிடித்து, இருவர் பெயரிலும் படிவம் போட்டு, அந்த ஒரே அறையில் குடியேற வேண்டும். ஒருவர் போய்விட்டால் மற்றவர் மறுபடி ஆள் தேட வேண்டும். இதைப் பார்த்துத்தான் 2021 டிசம்பரில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். ஆளைத் தேட வேண்டாம், தனியாகவே விண்ணப்பி. நடத்தும் அமைப்பே ஜோடி சேர்த்துவைக்கும், சண்டை வந்தால் நடுவில் உட்காரும். அப்புறம் புக்கிட் பாத்தோக்கில் பழைய மாணவர் விடுதி ஒன்றை எடுத்து, ஆளுக்கு ஓர் அறை, சமையலறையும் குளியலறையும் பொது என்றும் செய்து பார்க்கிறார்கள்.

இரவு பதினொன்றரைக்கு அக்காவின் குழுவோடு நடந்தேன். எந்த வட்டாரம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் அங்கே யாரும் படுக்க முடியாமல் போகலாம். ஆறு பேர் போனோம், இரண்டிரண்டாகப் பிரிந்தோம். விதி இரண்டுதான்: தூங்குபவரை எழுப்பக் கூடாது, முதல் நாளே வீடு பற்றிப் பேசக் கூடாது. எங்கள் ஊரில் ராத்திரி வண்டி கொண்டுபோய், விளக்கடித்து, "ஏறுங்க, காப்பகம் போகலாம்" என்போம். பாதிப் பேர் ஓடிவிடுவார்கள்.

நான்கு பேரைப் பார்த்தோம். மூவர் தூக்கம். ஒருவர் புளோக்கின் பின்பக்கம் அட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறந்ததும், "மெட்ராஸா?" என்றார் தமிழில்.

"ஆமாண்ணே."

"எனக்குப் பாட்டன் ஊரு மன்னார்குடி. பாத்ததே இல்ல." உணவங்காடியில் மாலை வேலை, பதினொன்றுக்கு முடியும். சம்பளம் வருகிறது, மத்திய சேம நிதியும் போடுகிறார்கள். மடித்து வைத்த சீருடைச் சட்டையைக் காட்டினார், கழுத்துப்பட்டையில் கசங்கல் இல்லை. வீடு? "கேட்டேன். கூட யாருன்னு கேட்டாங்க. யாரைச் சொல்றது?" பிறகு மரவள்ளிக் கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார். நாங்களும் அதைப் பற்றியே பேசிவிட்டு வந்தோம். அக்கா வீடு பற்றிப் பேசவில்லை. இது மூன்றாவது சந்திப்பாம், ஐந்தாவதில் பேசலாம் என்று வைத்திருக்கிறார்.

நான்காம் நாள், ஞாயிறு

காதுகுத்து. பேரன் அழுததைவிட அவன் அப்பா அதிகம் அழுதார். சோறு, சாம்பார், மீன் தலைக் கறி, கேசரி. மாலையில் சித்தியிடம் நேற்றைய மன்னார்குடிக்காரரைச் சொன்னேன். "வேலை இருக்கா? அப்புறம் ஏன் அங்க படுக்கிறாரு?" என்று ஐந்து முறை வேறு வேறு விதமாகக் கேட்டார். நல்ல கேள்வி, எனக்கும் அதுதான் கேள்வி.

ஐந்தாம் நாள், திங்கள்

அக்காவின் ஏற்பாட்டில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனேன். அமைப்பு ஜோடி சேர்த்துவைத்த இருவர். முன்கூட்டியே கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. முகவரி, பெயர் எதுவும் எழுத மாட்டேன் என்பது ஒப்பந்தம்.

கதவைத் திறந்தவர் தமிழர், அறுபத்திரண்டு வயது, இரவுக் காவல் வேலை. கூட இருப்பவர் சீனர், இரண்டு மூன்று வயது மூத்தவர், பகலில் பழக்கடையில் உதவி. அறையின் நடுவே மரத் தடுப்பு. இந்தப் பக்கம் முருகன் படம், அந்தப் பக்கம் சிவப்பு விளக்கெரியும் சாமி மாடம். இரண்டுக்கும் தடுப்பின் இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஆணி அடித்திருந்தார்கள், பேசிவைத்த மாதிரி. இரண்டு சோற்றுப் பானைகள், இரண்டு கெண்டி, ஒரே குளிர்பதனப் பெட்டி. குளிர்பதனப் பெட்டியில் மேல்தட்டு ஒருவருக்கு, கீழ்த்தட்டு இன்னொருவருக்கு. நடுத்தட்டு?

"அது சண்டைத்தட்டு" என்றார் நம்மவர். இருவரும் சந்தை மலாயில்தான் பேசிக்கொள்கிறார்கள். இவருக்குத் தெரிந்த மலாய் முந்நூறு சொல், அவருக்கும் முந்நூறு சொல். "அது போதும். அதிகம் தெரிஞ்சா அதிகம் சண்டை வரும்."

இதற்கு முன்னால் இவரோடு ஒரு தமிழரையே போட்டார்களாம். ஒரே மொழி, ஒரே சாமி, ஒத்துப்போகும் என்று நினைத்திருப்பார்கள். ஆறு வாரம்தான் தாங்கியது. விளக்கை எப்போது அணைப்பது என்பதில் தொடங்கி ஊர்க் கதை, சாதி வரை போய்விட்டது. இந்தச் சீனர் பயங்கரமாகக் குறட்டை விடுவார். இவர் ராத்திரி வீட்டிலேயே இருப்பதில்லை. இவர் காலையில் வந்து படுக்கும்போது அவர் கிளம்பிவிடுவார். ஒத்துப்போனதன் ரகசியம் அவ்வளவுதான். அமைப்பின் ஊழியர் இதைத்தான் விசாரித்திருக்கிறார்: எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள், எத்தனை மணிக்குக் குளிப்பீர்கள், சிகரெட் உண்டா, மற்றவர் சமைக்கும் வாடை பிடிக்குமா. இனம், மொழியெல்லாம் அப்புறம்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. எங்கள் காப்பகத்தில் படுக்கை எண் வருகிற வரிசைப்படி. வந்த தேதிக்கு அடுத்த காலியிடம். பதினோரு வருடத்தில் ஒரு பெண்ணிடமும் "எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?" என்று நான் கேட்டதில்லை. 50 சதுர அடி இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்திருக்கிறேன்.

ஆனால் எல்லாம் தேனும் பாலும் என்று எழுதிவிட மாட்டேன். கிளம்பும்போது நம்மவர் மெதுவாகச் சொன்னார்: "மக வந்தா எங்கம்மா உக்கார வைக்கிறது? அவன் துண்டு கட்டிட்டு நிப்பான்." மகள் வந்து ஏழு மாதம் ஆகிறது. கீழே வாய்ட் டெக்கில் சந்தித்துவிட்டுப் போய்விடுகிறாள். இரண்டு பேருக்கு ஒரு கூரை கொடுக்க முடிந்த அரசாங்கத்தால் ஒரு கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையைக் கொடுக்க முடியவில்லை. புக்கிட் பாத்தோக் மாதிரியான தனி அறைகள் இதற்குத்தான் என்று நினைக்கிறேன். சமையலறை பொதுவாக இருந்தால் என்ன, கதவு தனியாக இருந்தால் போதும். எனக்கு வாக்களிக்க உரிமையில்லாத ஊரில் இது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஆறாம் நாள், செவ்வாய்

காலையில் முஸ்தஃபா கடையில் காப்பகத்துப் பெண்களுக்குத் தைலம் பன்னிரண்டு பாட்டில். சித்தி கூடவே வந்தார். மன்னார்குடிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் ஒரு பை கொடுத்தனுப்பப் போகிறாராம். உள்ளே எட்டிப் பார்த்தேன்: முறுக்கு, சட்டை, ஒரு ஃபிளாஸ்க். ஐந்தாவது சந்திப்பு வரை வீடு பற்றிப் பேச்சு வேண்டாம் சித்தி என்று எச்சரித்தேன். "நான் ஏன்டி பேசறேன், நீதான் பேசுவே" என்றார்.

சாங்கியில் அந்தப் பெரியவர் இருந்த நாற்காலிகளைத் தேடினேன். எந்த வரிசை என்று அடையாளம் தெரியவில்லை. எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருந்தன.

வாயிலில் உட்கார்ந்து காப்பகத்துக்குப் போன் போட்டேன். 14-க்கும் 15-க்கும் இன்னும் சண்டைதான். படுக்கை எண்ணை விட்டுவிடு, இருவரிடமும் எப்போது தூங்குவார்கள், எப்போது எழுவார்கள், யார் பக்கத்தில் படுக்கப் பிடிக்கும் என்று கேட்டு ஒரு தாளில் எழுது என்றேன். சகஊழியை ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

"கேட்டேங்கா. 14 நாலு மணிக்கு எழுந்து பூக்கட்டப் போறாங்களாம். 15 ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே வராதாம்."

"யார் பக்கத்துல வேணுமாம்?"

"ரெண்டு பேருமே ஃபேன் பக்கத்துலதான் வேணும்ங்கறாங்க."